ஆடி மாதத்து மண்டபம்

கல்யாண மண்டபம் வைத்திருப்பவனிடம் சத்தத்தைப் பற்றிப் பேசக் கூடாது. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் எங்கள் நிலத்தில் மண்டபம் கட்டிய நாளிலிருந்து என் பிழைப்பே சத்தத்தோடு மல்லுக்கட்டுவதுதான். மேளக்காரரிடம் சண்டை, டி.ஜே. பையன்களிடம் சண்டை, ராத்திரி புகார் வந்தால் போலீஸிடம் கெஞ்சல். வீட்டுக்கு வந்த பிறகு மிக்ஸி ஓடினாலும் எனக்குக் கோபம் வரும். "தாமோதரன் வூட்டுல பூனைகூட மெதுவாத்தான் கத்தும்" என்று என் மனைவி காந்தா சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் எங்கள் மகள் சத்யப்ரியா எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினாள். கல்லூரியில் படித்துக்கொண்டே ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பகுதிநேரம் வேலை பார்த்துச் சேர்த்த காசு. என்ன பாட்டு என்று கேட்டால் ராக் என்றாள். வாசித்துக்கொள், ஆனால் வெளியே கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அந்தக் கிட்டாரை ஆம்ப் என்கிற பெட்டியில் இணைத்தால்தான் சத்தம் வரும். இணைக்காவிட்டால் கொசு பாடுகிற அளவுதான். மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, இரண்டு வருஷம் அவள் அந்தக் கொசு சத்தத்திலேயே கற்றுக்கொண்டாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

படிப்பு முடிந்ததும் ஒரு வருஷம் கிட்டார் பள்ளியில் சேர்ந்து முழுநேரமும் படிக்கப் போகிறேன் என்றாள். வேண்டாம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அதனால் பள்ளியை நான்தான் பார்ப்பேன் என்று கூடவே கிளம்பினேன். நிலம் பார்த்துப் பழகியவனுக்குப் பள்ளி பார்ப்பது பெரிய வித்தையா?

மேற்குத் தாம்பரத்தில், செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்த பள்ளி எனக்கு உடனே பிடித்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கோயிலில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். இங்கேயே சேர்ந்துவிடு என்றேன். "இங்க வாசிக்கிறது அவங்கவங்களுக்கு மட்டும்தான்பா கேக்குது" என்று படி இறங்கிவிட்டாள். குரோம்பேட்டையில் சுவர் முழுக்கச் சான்றிதழாக மாட்டியிருந்தார்கள். "இங்க எல்லாரும் சேர்ந்து வாசிக்கிற பேண்ட் இருக்கா சார்?" என்று இவள் கேட்டாள். முதலில் எட்டு கிரேடு பரீட்சையையும் முடிக்கட்டும் என்றார் அந்த சார். அங்கேயும் படி இறங்கினோம்.

மூன்றாவது நாவலூரில். ஐ.டி. கம்பெனிகளுக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கு. கனமான கதவைத் திறந்ததும் சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. நான் ஓர் அடி பின்வாங்கினேன். இவள் உள்ளே போனாள். டிரம்ஸும் இரண்டு கிட்டாரும் வாசித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை வாயைத் திறந்தபடி பார்த்தாள். "இதுதான்பா" என்றாள்.

ஆனால் அங்கே வாசித்துக் காட்டினால்தான் இடம். பள்ளியை நடத்தும் தீபலட்சுமி, கிராப் வெட்டிய முப்பது வயதுப் பெண், இவள் கிட்டாரை ஆம்ப்பில் இணைத்துவிட்டு வாசிக்கச் சொன்னாள். இவள் தொட்டதும் அந்த அறை அலறியது. விரல் உரசினால் கீச்சிட்டது, வாசிக்காத கம்பியெல்லாம் சேர்ந்து ஊளையிட்டது. நாலு வரி வாசிப்பதற்குள் என் பெண் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"விரல் எல்லாம் சரியாத்தான் போகுது. ஆனா நீ வாசிக்கிற சத்தத்தைப் பார்த்து நீயே பயப்படுற" என்றாள் தீபலட்சுமி. "இதுவரைக்கும் ஆம்ப் போட்டு வாசிச்சதே இல்லல்ல? எங்கயாவது சத்தமா வாசிச்சுப் பழகு. ஆகஸ்ட்ல பேட்ச் ஆரம்பிக்கும்போது இன்னொரு தடவை வா. அதுதான் கடைசி சான்ஸ்."

வீடு வந்ததும் சத்யப்ரியா கிட்டாரை உறையோடு கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அழுதால் சமாதானம் சொல்லலாம். அழவும் இல்லை. ராத்திரி சாப்பிடும்போது காந்தா என்னைப் பார்க்காமல் ரசத்தைப் பார்த்துச் சொன்னாள்: "ஆடி பொறந்தா மண்டபம் காலியாத்தானே கிடக்கும்."

ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. அந்த ஒரு மாதம்தான் நான் வெள்ளையடிப்பது, மின்விசிறி பழுது பார்ப்பது எல்லாம். என் காதுக்கு ஓய்வு கிடைப்பதும் அந்த ஒரு மாதம்தான். அதையும் கேட்கிறார்களே என்று எரிச்சலாக வந்தது. இருந்தும் சாவியைக் கொடுத்தேன்.

தாம்பரத்திலிருந்து வாடகைக்குப் பெரிய ஆம்ப் ஒன்று வந்தது. மணவறை போடுகிற மேடையில் அதை வைத்து, காலையிலேயே ஆரம்பித்துவிடுவாள். முதல் வாரம் காதால் கேட்க முடியவில்லை. முன்பக்க ஆபீஸில் உட்கார்ந்து ஆவணி முகூர்த்தத்துக்குப் புக்கிங் எழுதிக்கொண்டிருந்த என் பேனாவே உதறியது. வாட்ச்மேன் தினகரன் வந்து, "சார், புறா ஒண்ணுகூட மண்டபத்துல இல்ல சார், அல்லாம் ஓடிச்சு" என்றான். அது ஒன்றுதான் லாபம் என்றேன்.

அப்புறம் ஒருநாள், வெள்ளையடிக்கிறவன் ஏணியில் நிற்கிறான், கொஞ்சம் குறைத்து வாசி என்று சொல்லப் போனேன். பின்கதவைத் திறந்தவன் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஒரே ஒரு சுரம். மேடையில் கண்ணை மூடி நின்று, கம்பியை விரலால் வளைத்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது இறங்கவில்லை. மண்டபம் முழுக்கப் பரவி, பின்சுவர் வரை வந்து, என் உள்ளங்காலில் தரையோடு சேர்ந்து அதிர்ந்தது. இந்த மண்டபத்தில் நான் கேட்காத சத்தம் இல்லை. அதெல்லாம் யார் யாரோ கூலிக்கு எழுப்பியது. இது என் பெண்ணிடமிருந்து வந்தது. மாடி அறையில் கொசு மாதிரி பாடிக்கொண்டிருந்ததே, அது இவ்வளவு பெரியதா? இதையா நான் இரண்டு வருஷம் கதவைச் சாத்தி வைக்கச் சொன்னேன்? எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயமாகவும் இருந்தது. நான் பெற்று, தூக்கி வளர்த்த பெண்ணிடம் எனக்கே மரியாதை வந்தது.

அப்போது அவள் உள்ளங்கையைக் கம்பிகளின் மேல் வைத்தாள். அவ்வளவுதான், மொத்தமும் நின்றது. ஒரு கீச்சு இல்லை, ஓர் ஊளை இல்லை. அவ்வளவு பெரிய சத்தத்தை ஒரு கையால் நிறுத்திவிட்டு, மண்டபத்தின் அமைதியை நிதானமாகக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஆயுசு முழுக்கக் கத்திக் கத்தியே சத்தத்தை அடக்கப் பார்த்தவன் நான்.

பின்னால் வந்த தினகரன் எட்டிப் பார்த்தான். "நம்ம பாப்பாவா சார்? யாரோ பார்ட்டி வந்துகீறாங்கன்னு நென்ச்சேன்" என்றான் மெதுவாக. வெள்ளையடிக்கிறவனை ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்டில் நாவலூருக்குக் காரில் போகும்போது தெரிந்த வழியிலேயே இரண்டு தடவை திருப்பத்தைத் தவறவிட்டேன். பள்ளி வாசலில், அந்தக் கனமான கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். இந்தக் கடைசி வாய்ப்பும் போய்விட்டால் இவள் திரும்ப அந்த மாடி அறைக்கே போய்விடுவாள் என்று நினைத்தபோது எனக்கு வியர்த்தது. உள்ளே டிரம்ஸ் ஆரம்பித்தது. அதற்கு மேலே அவள் கிட்டார் எழும்பி வந்தது. கதவைத் தாண்டிக் கேட்டது. எனக்குத் தெரியாத பாட்டு, ஆனால் வாசிப்பது யார் என்று தெரிந்தது. கைகூப்பி உட்கார்ந்திருக்கிறேன் என்பதே யாரோ என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனபோதுதான் உறைத்தது.

வெளியே வந்தவள், "கிடைச்சிருச்சுப்பா" என்றாள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

கேளம்பாக்கம் சாலையில் திரும்பி வரும்போது மெதுவாக ஆரம்பித்தாள். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் மாசக் கடைசியில் ஆட்களைக் கூப்பிட்டு, பேண்டோடு வாசித்துக் காட்ட வேண்டுமாம். இடம் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இவளுக்கு விழுந்தது ஆவணி மூன்றாம் ஞாயிறு. "எங்கயாவது பார்க்கணும்பா" என்றாள். நம் மண்டபம் என்று அவள் வாய் திறக்கவில்லை. அது நல்ல முகூர்த்த நாள் என்று அவளுக்கும் தெரியும்.

வண்டலூர் தாண்டியபோது போன் அடித்தது. வண்டியை ஓரம் கட்டி எடுத்தேன். மறைமலை நகரிலிருந்து ஒருவர், தன் பையன் கல்யாணத்துக்கு அதே ஞாயிறு மண்டபம் வேண்டும் என்றார்.

"அன்னைக்கு இல்லீங்க" என்றேன். "புக் ஆயிடுச்சு."

"அடடா, யாருக்குக் குடுத்துட்டீங்க?"

"என் பொண்ணுக்கு."

"அப்படியா, பாப்பாவுக்குக் கல்யாணமா? ரொம்ப சந்தோஷம் சார். மாப்பிள்ளை என்ன பண்றாரு?"

பக்கத்தில் சத்யப்ரியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் போனைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளும் அளவுக்கு உரக்கச் சொன்னேன்.

"கல்யாணம் இல்லீங்க. அவ வாசிக்கிறா."