ஏறாத சத்தம்

எனக்கு முதலில் சந்தேகம் வந்தது ரிமோட் மேல்தான்.

டிவிக்கு ஒன்று, டிஷ்ஷுக்கு ஒன்று, ஹோம் தியேட்டருக்கு ஒன்று என்று மூன்று ரிமோட்டோடு மல்லுக்கட்டி மண்டை காய்ந்து, மூன்றுக்கும் சேர்த்து ஒன்று வாங்கினேன். கடை மூடிவிட்டு வந்தால் எனக்கிருக்கும் ஒரே சுகம் ஹோம் தியேட்டரில் பாட்டுக் கேட்பதுதான். செஞ்சி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் இளமாறன் இரண்டு ரகம் காட்டினான்.

“இத்த எடுத்துக்கண்ணே. இது கத்துக்குற ரிமோட்டு. பழசையும் புதுசையும் மூக்கோட மூக்கு வெச்சி ஒவ்வொரு பட்டனா அமுக்கினா, பழசு சொல்றத புதுசு அப்டியே கத்துக்கும்.”

பஜாரில் எனக்குப் பாத்திரக் கடை. ஆவணி முகூர்த்த நேரத்தில் நகர முடியாது. அதனால் என் மனைவி வேதநாயகிதான் பழைய ரிமோட்டுகளை அவனிடம் கொண்டுபோய், புதுசுக்குக் கற்றுக்கொடுத்து வாங்கி வந்தாள்.

அன்று சாயங்காலமே வம்பு. எல்லாம் வேலை செய்தது, இருபதில் இருந்த சத்தம் மட்டும் ஏறவே இல்லை. குறைக்கச் சொன்னால் குறைகிறது. கூட்டச் சொன்னால் எங்கள் ஊர்க் கோட்டை ராஜகிரி மலை மாதிரி அசையாமல் நிற்கிறது. செல்லை மாற்றினேன், தட்டினேன். பெட்டியிலிருக்கும் பட்டனோ எப்போதோ கெட்டுப்போனது. ம்ஹூம். பழைய ரிமோட் எங்கே என்று கேட்டால், “பத்திரமா வெச்சேன், எங்கன்னு தெரியல” என்கிறாள். இருபத்தெட்டு வருஷத்தில் இவள் ஒரு ஊக்கைக்கூடத் தொலைத்ததில்லை. அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

இருந்தாலும் காலையில் முதலில் இளமாறனிடம்தான் பாய்ந்தேன்.

“டூப்ளிகேட்ட என் தலையில கட்டிட்டியாடா?”

அவன் செல்போன் கேமராவைத் திறந்து, அதற்கு நேராக ரிமோட்டைப் பிடித்து அமுக்கினான். ஒவ்வொரு பட்டனுக்கும் திரையில் ஊதா வெளிச்சம் மினுக்கியது. சத்தம் கூட்டும் பட்டனுக்கு மட்டும் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு என்னவோ சொன்னான்.

“இன்னாது?”

“அந்த ஒரு பட்டனுக்கு மட்டும் கத்துக்குடுக்காதன்னு அக்காதாண்ணே சொன்னாங்க!”

அடிப்பாவி! கட்டினவளே சதி செய்தால் மனுஷன் யாரைத்தான் நம்புவது? வீட்டுக்குள் நுழையும்போதே குதித்தேன்.

“எனக்கே ஆப்பு வெக்கிறியா? யாரு உனுக்கு சொல்லிக்குடுத்தது?”

வேதநாயகி பயப்படவில்லை. என்னை உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பக்கத்து வூட்டு யுவஸ்ரீ பிளஸ் டூ படிக்குதுங்க. உங்க சத்தத்துல படிக்க முடியலன்னு நாலு நாளா ஜன்னலாண்ட நின்னு ‘மாமா, மாமா’ன்னு கூப்ட்டுச்சி. நீங்க திரும்பவே இல்ல.”

“பொய் சொல்லாத! கூப்ட்டிருந்தா என் காதுல வுழுந்திருக்காதா?”

வாயை விட்டு வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் வேண்டுமென்றே முணுமுணுக்கிறார்கள் என்று மாதக்கணக்கில் எரிந்து விழுந்துகொண்டிருக்கிறேனே.

“அந்தப் பொண்ணுகிட்ட இன்னா சொன்ன?”

“மாமாவுக்குக் கோவம் ஜாஸ்தி, கூப்டாதன்னு சொல்லி அனுப்பிட்டேன். காது மந்தம்னு சொல்ல எனக்கு வாய் வர்லங்க.” அவள் கண் கலங்கிவிட்டது.

எனக்கு அவளைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. எழுந்து வெளியே போனேன். பக்கத்து வீட்டு வாசற்படியில் படித்துக்கொண்டிருந்த யுவஸ்ரீ என்னைக் கண்டதும் மிரண்டுபோய் எழுந்தாள். அவள் உதடு அசைந்தது.

“கொஞ்சம் கத்திச் சொல்லும்மா,” என்றேன். “மாமாவுக்குக் காது கேக்காது.”