மஞ்சள் அடித்த கொட்டகை

மெர்ல் ஹாஸ்கெட்டின் கொட்டகை உச்சியில், வைக்கோல் ஏற்றுகிற கப்பியிலிருந்து ஒரு சுருக்குக் கயிறு தொங்கியது. அவன் பண்ணை ஏலத்துக்கு வந்திருந்த இருநூறு பேரும் அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஏலத்துக்குக் காவலாக வந்த ஷெரீப்பும் பார்த்தார். பார்த்த கையோடு காருக்குள் போய் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டார். சம்பளம் வாங்குகிறவனுக்கும் கழுத்து ஒன்றுதானே!

அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலம் முழுக்க இதுதான் வழக்கம். பாங்கி ஒருவனுடைய பண்ணையை ஏலத்துக்குக் கொண்டுவந்தால் அக்கம்பக்கத்துக்காரர்கள் திரண்டு போய் பசுவுக்குப் பத்துக் காசு, கலப்பைக்கு ஐந்து காசு என்று கேட்பார்கள். அதற்கு மேல் எவனும் வாயைத் திறக்கக் கூடாது. எல்லாவற்றையும் சில்லறைக்கு எடுத்துச் சொந்தக்காரனிடமே கொடுத்துவிட்டுப் போவார்கள். வெளியாள் எவனாவது கூட்டிக் கேட்டால் என்ன ஆகும் என்று சொல்லத்தான் கயிறு.

கயிற்றின் மறுமுனையை ஒரு பெட்டைக் குதிரையின் சேணத்தில் மாட்டியிருந்தார்கள். வைக்கோல் ஏற்றும்போதும் அப்படித்தான். குதிரை முன்னே நடந்தால் பாரம் மேலே போகும். அந்தக் குதிரையின் கடிவாளத்தைக் கார்ஸ்டன் ரேடர் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீதான்டா பிடிக்கணும்" என்று காலையில் மெர்ல் அவன் தோளில் கை போட்டுச் சொல்லியிருந்தான். "நீ நம்மாளு."

அந்த ஒரு சொல்லுக்காகக் கார்ஸ்டன் பதினைந்து வருஷம் காத்திருந்தான். வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை. ஜெர்மனியோடு யுத்தம் நடந்த 1918 வசந்தத்தில், அரசாங்கத்தின் யுத்தக் கடன் பத்திரம் போதுமான அளவு வாங்கவில்லை என்று நாற்பது பேர் அவன் வீட்டுக்கு வந்தார்கள். ஜெர்மன்காரன், துரோகி வீடென்று தெரிய கொட்டகைக்கு மஞ்சள் வண்ணம் அடித்தார்கள். அவன் அப்பா டெட்லெஃபின் சட்டையைக் கழற்றிக் கொதிக்கிற தாரை முதுகில் ஊற்றினார்கள். "நானும் உங்கள மாதிரி விவசாயிதான்யா!" என்று கிழவர் அலறியபோது, கார்ஸ்டனின் இரண்டு கையையும் பின்னால் முறுக்கிப் பிடித்துப் பார்க்க வைத்தவன் இதே மெர்ல்தான்.

இரண்டு மாதம் கழித்து அதே கார்ஸ்டனைப் பட்டாளத்தில் பிடித்துப் போட்டுப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். அவன் அம்மா பேசிய பாஷையில் அழுத பையன்களை அங்கே சுட்டான். திரும்பி வந்தபோது சோளத்துக்குப் பொன் விலை. மெர்ல் நிலத்துக்கு மேல் நிலம் வாங்கினான், டிராக்டர் வாங்கினான், காரும் வாங்கினான். காசு புரண்டால் மனுஷன் பழசை மறந்துவிடுவான் போலும். ஒரு கிறிஸ்துமஸுக்குப் பன்றித் தொடை ஒன்றை அனுப்பி வைத்தான். அதிலிருந்து இரண்டு வீட்டாரும் சேர்ந்து வைக்கோல் ஏற்றினார்கள். அப்புறம் விலையெல்லாம் இடிந்து விழுந்தது, நிலம் வாங்கின கடன் மட்டும் மெர்லின் தலையில் நின்றது. இப்போது நிலக்கரியை விடச் சோளம் மலிவு என்று ஊரே அடுப்பில் சோளத்தைப் போட்டு எரிக்கிறது.

ஏலம் தொடங்கும் முன், ஒட்டுப்போட்ட கோட்டும் மண் படிந்த பூட்ஸுமாக ஒருவன் கார்ஸ்டனிடம் வந்தான். முன்பின் பார்க்காத முகம். குதிரையின் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தான். முன்னங்காலை முட்டியிலிருந்து குளம்புவரை தடவினான்.

"அண்ணே, இது வைக்கோல் இழுத்துப் பழகினதா?" பேச்சில் போஹீமியாவிலிருந்து குடியேறிய செக் ஜனங்களின் இழுவை இருந்தது. "கயிறெல்லாம் கட்டிக் காட்டுறீங்களே, அதான் கேட்டேன். என் பேரு வென்சல். ஆத்துக்கு அந்தாண்டப் பக்கம்."

சுருக்கை அவன் பார்த்தானா, பார்த்தும் வைக்கோல் கட்டுகிற முடிச்சு என்று நினைத்தானா, தெரியாது. 'ஐயா, வாயைத் திறக்காம வீட்டுக்குப் போயிடு' என்று கார்ஸ்டன் சொல்லியிருக்கலாம். ஆனால் மெர்ல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ம்" என்றான் கார்ஸ்டன்.

ஏலக்காரர் அந்தப் பெட்டையையும் அதன் ஜோடிக் குதிரையையும் சேர்த்துக் கூவினார். "பத்து காசு!" என்றார் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர்.

"அறுபது டாலர்" என்றான் வென்சல்.

இருநூறு தலைகளும் அவன் பக்கம் திரும்பின. ஏலக்காரருக்கு வேர்த்துவிட்டது. "ஐயா, குளிருக்கு நாக்குக் குழறுதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

பேரம் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான் பாவி. "சரி, அறுபத்தஞ்சு. அதுக்கு மேல என்னால முடியாதுங்க."

முதல் குத்து அவன் வாயில் விழுந்தது. "பாங்கி நாயே! எவன்டா உன்னை அனுப்புனான்?" பத்துப் பேர் மேலே விழுந்தார்கள். பூட்ஸ் கால்கள் அவன் விலாவைத் தேடித்தேடி மிதித்தன. தூக்கி நிறுத்தியபோது ஒரு கண் மூடிப்போயிருந்தது, பனியில் ரத்தம். மெர்ல் சுருக்கைக் கீழே இறக்கி அவன் கழுத்தில் மாட்டி இறுக்கினான்.

"பாங்கி எனக்குத் தெரியாதுங்க! என் குதிரை ரெண்டும் செத்துப்போச்சு. நானும் உங்கள மாதிரி விவசாயிதான்யா!"

கார்ஸ்டனின் காதில் அப்பாவின் குரல் விழுந்தது. பதினைந்து வருஷத்துக்கு முந்திய அதே அலறல். பாங்கியின் ஆள் காகிதத்தைப் பார்ப்பான். இவன் குளம்பைத் தடவினானே!

"நடத்துடா!" என்றான் மெர்ல்.

கார்ஸ்டனின் கால் நகரவில்லை. "மெர்ல், இவன் பாங்கி ஆள் இல்லடா. அவன் உள்ளங்கையைப் பாரு, வெடிச்சுக் கிடக்கு. கையைப் பாருங்கடா!"

ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தால் விடவேண்டி வருமே. மெர்ல் வேலிக் கட்டை ஒன்றைப் பிடுங்கிக் குதிரையின் பின்புறத்தில் ஓங்கி அடித்தான். குதிரை கார்ஸ்டனையும் இழுத்துக்கொண்டு பாய்ந்தது. கப்பி கிரீச்சிட்டது. வென்சலின் பூட்ஸ் தரையை விட்டுக் கிளம்பிக் காற்றை உதைத்தது.

கார்ஸ்டன் கடிவாளத்தில் தொங்கி, "பின்னால! பின்னால வாடி!" என்று கத்திக்கொண்டே பேனாக்கத்தியால் கயிற்றை அறுத்தான். ஒரு புரி, இரண்டு புரி. மூன்றாவது தானாகத் தெறித்தது. மேலேயிருந்து வென்சல் மூட்டையாக விழுந்தான்.

வேலிக் கட்டை இந்தமுறை கார்ஸ்டனின் முகத்தில் இறங்கியது. "ஜெர்மன் புத்தி! அப்பனுக்கு ஊத்துனது உனக்குப் பத்தலையா?" என்று மெர்ல் அடித்தான். அவன் கை ஓய்ந்ததும் மற்றவர்கள் அடித்தார்கள். வருஷாவருஷம் கார்ஸ்டன் வீட்டில் வைக்கோல் ஏற்றிவிட்டு அவன் மனைவி வீப்கே சமைத்ததைச் சாப்பிட்டவர்கள். மூன்று பல் போயிற்று, இரண்டு விலா முறிந்தது. கடைசியில் குதிரை ஜோடி பத்துக் காசுக்குத்தான் போயிற்று. மெர்லுக்குப் பண்ணை மிஞ்சியது.

கார்ஸ்டன் தவழ்ந்து போய், குரல்வளை நசுங்கிக் கரகரத்துக்கொண்டிருந்த வென்சலைத் தன் வண்டியில் இழுத்துப் போட்டு, ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டான். வழியெல்லாம் இரண்டு பேரும் ரத்தம் துப்பினார்கள். இறக்கி விட்டபோது கார்ஸ்டன் தன் பேரை மட்டும் சொன்னான்.

மூன்றாம் நாள் காலையில் கார்ஸ்டனின் கொட்டகை முழுக்க மஞ்சள். வீப்கே சுரண்டுகிற தகட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

"விடு" என்றான் கார்ஸ்டன். "அப்பா மூணு வாரம் சுரண்டினாரு. என்னத்தைக் கண்டோம்? இருந்துட்டுப் போகட்டும்."

ஜூனில் புல்லை அறுத்துப் போட்டான். எப்போதும் வருகிற பதினொரு பேரில் ஒருத்தர்கூட வரவில்லை. முறிந்த விலா சரியாகக் கூடாததால் பாரம் தூக்க முடியவில்லை. அன்று மேற்கே மேகம் கறுத்து வந்தது. இரண்டு கோவேறு கழுதை பூட்டிய வண்டி ஒன்று தெருவிலிருந்து உள்ளே திரும்பியது. அந்த வெயிலிலும் வண்டிக்காரன் கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தான்.

"பேரைச் சொல்லிக் கேட்டேன், ஒருத்தரும் வாயைத் திறக்கல" என்றான் வென்சல். குரல் தேய்ந்து காற்றாக வந்தது. "மஞ்சக் கொட்டகை எதுன்னு கேட்டேன், உடனே கை காட்டிட்டாங்க."

கார்ஸ்டன் அவனை நேராகப் பார்க்க முடியாமல் நின்றான். "அன்னைக்கு நீங்க வந்து கேட்டப்பவே நான் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்தான்."

வென்சல் மஞ்சள் கொட்டகையின் உச்சியில் இருந்த கப்பியையும் அதிலிருந்து தொங்கிய கயிற்றையும் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தான். கை தானாகக் கழுத்துத் துணிக்குப் போனது. மேற்கே இடி உறுமியது.

"பாரத்தை நீங்க கட்டிவிடுங்க அண்ணே" என்றான். "குதிரையை மட்டும் நான் பிடிச்சுக்கறேன்."