மழைக்கோட்டைக் கொண்டுவந்தது யார்

கசாப்புக் கடைக்காரர் வால்ட் பைபஸ், ஒரு நாடகத்தில் நடந்த கொலைக்காகப் பதினோரு ஆண்டுகள் பெல்டர்ஸ் பே நீதிமன்றத்தின் குற்றவாளிக் கூண்டில் இருந்தார். கூண்டுக் கதவுக்குப் பூட்டு கிடையாது. அரசாங்கம் எங்கள் நீதிபதியைத் தலைநகர் ஹோபார்ட்டுக்கு அழைத்துக்கொண்ட பிறகு, சும்மா கிடந்த அந்தக் கட்டடத்தில் குளிர்காலந்தோறும் நாடகம் போடுவோம். டாஸ்மேனியாவின் கிழக்குக் கரையில் வேறு எதைத்தான் செய்து தொலைப்பது? அந்த வருடத்து நாடகம் ஓய்வுபெற்ற ஆசிரியை மியூரியல் லாங் எழுதியது. எல்சி என்ற பெண்ணைப் படகுத்துறையிலிருந்து கடலில் தள்ளிக் கொன்றதாக ஒரு மீனவன் மேல் வழக்கு. பார்க்க வந்தவர்களிலேயே பன்னிரண்டு பேர் ஜூரி. விடுதலையாகிவிடுவான் என்று எல்லோரும் நினைக்கும்போது, அரசு வக்கீல் பையைத் திறந்து, மீனவனின் மழைக்கோட்டைத் தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே எடுப்பார். கூட்டம் வாயைப் பிளந்தது. ஜூரி குற்றவாளி என்றது. விளக்கு அணைந்ததும், மீனவனாக நடித்த வால்ட் இறங்கி வரக் காலைத் தூக்கப் பார்த்தார். கால் வரவில்லை.

கால்பந்து ஆடும் பையன்கள் நாலு பேர் இழுத்துப் பார்த்தார்கள். கூண்டைக் கோடாலியால் வெட்டினோம். காலையில் முழுசாக நின்றது. டாக்டர் வந்தார், பாதிரியார் வந்தார், இருவரும் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு ஊருக்குப் பழகிவிட்டது. வால்டின் மனைவி ஜாய்ஸ் கடையை எடுத்து நடத்தினார், வேளாவேளைக்கு இறைச்சி அடைத்த ரொட்டியும் சூப்பும் கொண்டுபோனார். வக்கீல் மேசையில் கிடந்த கோட்டு காயவே இல்லை. அடியில் ஒரு வாளி வைத்தோம். மூன்றாம் குளிர்காலத்தில் கடைசி பெஞ்சில் வெறுங்காலோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் எல்சி என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாடகத்தில் அவளுக்கு வேடமே கிடையாது, பெயர் மட்டும்தான். அவள் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கூட்டிப் பெருக்குகிறவர்கள் அவளுடைய காலைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனார்கள்.

முடிவை மாற்றினால் புருஷன் வெளியே வருவார் என்று ஜாய்ஸ் நம்பினார். மியூரியல் லாங்கின் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"உங்க நாடகத்துல கொலை நடந்தது ஆகஸ்டுல, விசாரணை பிப்ரவரில. ஆறு மாசமா ஒரு கோட்டு காயாமலா இருக்கும், மிஸ் லாங்? எங்க வீட்டுக் கொடியில போட்டா மத்தியானத்துக்குள்ள காஞ்சிரும்."

"எத்தன வருஷமா சொட்டிக்கிட்டு இருக்கு? போயி அந்த வாளியப் பாரு. என் கதையில ஓட்டையே இல்ல, ஜாய்ஸ்."

உலகமே அந்த நாடகத்துக்குச் சாட்சி சொன்னால் ஒரு பெண் என்ன பேசுவாள்? ஜாய்ஸ் வீட்டுக்குப் போய் வாய்விட்டு அழுதார். பாவம், அன்றைக்குத்தான் அவர் உடைந்து பார்த்தோம்.

கடைக்கு மாதம் ஒருமுறை சுகாதார ஆய்வாளர் வருவார். தொங்கும் ஆட்டைக் காட்டி, இது எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது என்று கேட்பார். பதில் சொல்ல ஆளில்லாத இறைச்சி குப்பைக்குத்தான் போகும். பதினோராம் வருடம் அப்படி அவர் கேட்டுக்கொண்டு நின்றபோது, ஜாய்ஸ் கத்தியைக் கீழே போட்டுவிட்டு ரத்தக்கறை ஏப்ரனோடு நீதிமன்றத்துக்கு ஓடினார். ஞாயிற்றுக்கிழமை மறுவிசாரணை வைத்தோம். பழைய ஜூரியில் செத்தவர்களின் இடத்துக்கு அவர்களுடைய பிள்ளைகள் வந்தார்கள். நாடகத்தில் நீதிபதியாக நடித்த தபால்காரர் நார்மன், நீதிபதியின் பொய்முடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்தக் கோட்டக் கண்டெடுத்தது யாரு?" என்றார் ஜாய்ஸ். "வக்கீல் பைக்குள்ள அது எப்படி வந்துச்சு? கொண்டாந்த ஆளக் காட்டுங்க, அப்புறம் என் புருஷன வெச்சுக்கங்க."

மியூரியல் லாங் எழுந்தார், வாயைத் திறந்தார், உட்கார்ந்துவிட்டார்.

"கொண்டாந்தவங்க இல்லன்னா கோட்டு செல்லாதுதான்," என்றார் நார்மன். கூண்டுக்குள் வால்டின் வலது கால் தரையிலிருந்து எழும்பியது. ஜாய்ஸ் சிரித்தேவிட்டார்.

அப்போது எல்சி எழுந்து சாட்சிக் கூண்டுக்கு நடந்து வந்தாள்.

"நான்தான் கொண்டாந்தேன். இவரு தள்ளுறப்ப கோட்டப் பிடிச்சேன், கையோட வந்துருச்சு. அப்படியே எடுத்துட்டு வந்து வக்கீல் பையில வெச்சேன்." பிறகு ஜாய்ஸிடம் திரும்பினாள். "யாராவது கேப்பீங்கன்னுதான் இத்தன வருஷமா உக்காந்திருந்தேன். ரொம்ப நன்றிம்மா."

ஜூரி எழுந்துபோய்ப் பேசக்கூட இல்லை. குற்றவாளி என்றார்கள். வால்ட் தலையைக் குனிந்துகொண்டு "ஆமா" என்றார். தண்டனையைத்தான் அனுபவித்தாயிற்றே, வீட்டுக்குப் போ என்றார் நார்மன். கூண்டுக் கதவு தானாகத் திறந்தது. சாட்சிக் கூண்டில் யாரும் இல்லை.

அன்றிரவு ஜாய்ஸ் ஆட்டு விலா பொரித்து வைத்தார்.

"அது நாடகம், வால்ட். அப்படி ஒருத்தி பொறக்கவே இல்ல."

"அவ கை எவ்வளவு சில்லுனு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும், ஜாய்ஸ்."

"அப்ப ஏன் செஞ்ச?"

வால்ட் விலா எலும்பைத் தட்டில் வைத்தார். "அத மிஸ் லாங் எழுதலையே," என்றார்.

ஜாய்ஸ் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வைத்தார். திங்கட்கிழமை கடை திறந்தது. வால்ட்தான் வெட்டினார், நாங்களும் வரிசையில் நின்று வாங்கினோம். ஆகஸ்டில் இருவரும் படகுத்துறைக்குப் போய் எல்சிக்குப் பூப் போடுவார்கள். மழை பெய்யாத வருடங்களில் ஊரும் கூடவே போகும்.