சிக்னல் அக்கா சிவக்காத நாள்

பஸ் டிப்போவில் எந்த டிரைவருக்கு எந்த வண்டி, எந்தத் தடம் என்று டூட்டி போடுகிறவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. டிரைவர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது: சிக்னல் அக்கா. மாநிறம்தான் அவள். சூடாக டீ குடித்தால், வெயிலில் நின்றால், கோபம் வந்தால் கன்னமும் மூக்கும் மட்டும் செங்கல் நிறத்துக்கு ஏறிவிடும். லீவு கேட்டு வாயைத் திறந்த டிரைவர் அந்த முகத்தைப் பார்த்ததும், சிவப்பு சிக்னல் விழுந்துவிட்டது என்று சாவியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவான். அவள் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

அந்த முகம்தான் போன வருஷம் அவள் காலை வாரிவிட்டது. டிப்போ மேனேஜர் பதவிக்கு இன்டர்வியூ. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில், தலைவராக உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: "விடியறதுக்கு முன்னாடியே வர வேண்டியிருக்கும். வீட்டுல கேட்டுட்டீங்களா?" அவளுக்கு உச்சந்தலை வரை சுறுசுறுவென்று ஏறியது. முகம் பழுத்துப்போனது. வேலை வேறொருவருக்குப் போனது. அந்தம்மாவுக்குப் பதட்டம் ஜாஸ்தி, பாவம், பேச்சே வரவில்லை என்று உள்ளே பேசிக்கொண்டதாகச் சேதி வந்தது. பதட்டமாம்! அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேஜையையே கவிழ்த்திருப்பாள்.

போன வருஷம் வந்தவர் மாற்றலாகிப் போய்விட, இந்த வருஷம் மறுபடியும் இன்டர்வியூ, மறுபடியும் அதே தலைவர். தெரிந்ததுமே முகத்தை மூடிக்கொண்டுதான் போவது என்று முடிவு கட்டினாள். தோல் டாக்டர் கொடுத்த களிம்பு பாதி வேலைதான் செய்திருந்தது. மீதிக்கு அண்ணி இருந்தாள். அண்ணிக்குப் பெரிய கடையொன்றில் உசத்தி மேக்கப் சாமான்கள் விற்கிற வேலை. சிவக்கிற தோலுக்கென்றே வந்த ஃபவுண்டேஷன்களில் சில சாம்பிள்களைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினாள். ட்யூப்லைட்டை நம்பினால் மோசம் போவாய் என்று சொல்லி, நாத்தனாரை ஜன்னலோரம் உட்கார வைத்தாள்.

முதல் சீசாவில் பச்சைச் சாயல். சிவப்பைப் பச்சை அடக்கும் என்பது தயாரித்தவர்கள் கணக்கு. வெளுத்த தோலுக்கு அது சரிப்படலாம். மாநிறத்தில் தடவியதும் சாம்பலில் விழுந்து எழுந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். அடுத்தது கமகமவென்று மணத்தது. போட்ட மாத்திரத்தில் கன்னம் எரிந்து சிவப்பு இன்னும் கூடியது. முகத்தை யார் மோந்து பார்க்கப் போகிறார்கள் என்று அண்ணி அந்தக் கம்பெனிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். இன்னொன்று மூடத்தான் மூடியது. சிரித்தபோது மூக்கோரத்தில் பாளம் பாளமாக வெடித்தது. சிரிக்காமலே இருந்துவிட்டால் போயிற்று என்றாள் சிக்னல் அக்கா. மேனேஜர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள்.

கடைசி சீசாவில் லேசான மஞ்சள் சாயல். அண்ணி அதைத் தேய்க்காமல், ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி வைத்தாள். கண்ணாடியில் இருந்தது அவள் முகமேதான். சிவப்பு மட்டும் போன இடம் தெரியவில்லை. அண்ணி ஆவி பறக்க டீ கொடுத்துப் பார்த்தாள். ம்ஹூம், கன்னம் அசைந்துகொடுக்கவில்லை. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் கணவர் வந்து சேர்ந்தார். இன்டர்வியூ அன்று ராத்திரி ஆபீஸ் நண்பர்களைக் குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாராம். மற்ற நாளாக இருந்தால் பாதி வாக்கியத்திலேயே கன்னத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றியிருப்பார். கல்யாணமான நாளிலிருந்து மனுஷர் குடித்தனம் நடத்துவதே அந்தக் கன்னத்தைப் பார்த்துத்தான். இன்றைக்கு அது சாந்தமே உருவாக இருந்தது. அவரும் தைரியமாக என்னென்ன சமைக்கலாம் என்று தொடங்கிவிட்டார். எல்லாம் அவள் கையால்தான் என்று பெருமை வேறு. அவள் உள்ளுக்குள் கொதித்தபடி, இப்போது நிறுத்துவார், இதோ நிறுத்துவார் என்று காத்திருந்தாள். அவர் இனிப்பு வரைக்கும் வந்துவிட்டார்.

அண்ணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கோவமா இருக்கேன்னு வாயத் தொறந்து சொல்லேன். அவருக்கு ஜோசியமா தெரியும்?"

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வயசுக்கு அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னதே இல்லை. முகம் சொல்லிக்கொள்ளும் என்று விட்டுவிடுவாள். போன வருஷமும் அதைத்தானே செய்தாள்? முகம் பதில் சொல்லிவிட்டது என்று அவள் சும்மா உட்கார்ந்திருக்க, அவர்கள் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டார்கள். கணவரிடம் சொல்லிப் பார்த்தாள்: கோபமாக இருக்கிறேன், விருந்தைத் தள்ளிப் போடுங்கள். அவர் திருதிருவென்று முழித்துவிட்டு, நண்பர்களுக்குப் போன் செய்யப் போனார்.

இன்டர்வியூ அறையில் மூன்று பேர். நடுவில் அதே தலைவர். மற்றதெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, மறக்காமல் அதையும் கேட்டார்: வீட்டில் கேட்டுவிட்டீர்களா? அவளுக்கு உள்ளே ஏறிய சூடு அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. அவர் அடுத்த தாளைப் புரட்டப் போனார்.

"எனக்கு முன்னாடி வந்தவங்ககிட்டயும் இதக் கேட்டீங்களா சார்?" குரல் கொஞ்சம் நடுங்கியது, நடுங்கட்டும் என்று மேலே போனாள். "போன வருஷமும் கேட்டீங்க. அன்னிக்கு எனக்குப் பயமில்ல, கோவம். இப்பவும் கோவமாத்தான் இருக்கேன். கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே, முதல் பஸ் கெளம்புறப்ப நான் டிப்போவுலதான் சார் நிக்கறேன்."

ஓரத்தில் இருந்த பெண் அதிகாரி தலைவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கேக்கலம்மா," என்றார். "கேட்டிருக்கக் கூடாது."

பிறகு, மழையில் பாலம் முழுகினால் அந்தத் தடத்து வண்டிகளை எப்படித் திருப்புவீர்கள் என்று கேட்டார். அது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. போதும் என்று அவர்களே சொல்லும் வரை சொன்னாள். வெளியே உட்கார வைத்து, எல்லாரும் போன பிறகு மறுபடி கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை முதல் நீங்கள்தான் மேனேஜர் என்று அந்தப் பெண் அதிகாரி எழுந்து நின்று கைகொடுத்தாள்.

வாசலில் ஸ்கூட்டரோடு நின்றிருந்த கணவர் அவள் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். கிடைத்ததா இல்லையா என்று மனுஷருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"கெடைச்சிடுச்சுங்க," என்றாள். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "நான் ரொம்ப சந்தோஷமா இருக்கேன்."

அவர் மாட்டப்போன ஹெல்மெட்டை இறக்கி ஸ்கூட்டர் சீட்டில் வைத்தார். பிறகு, "இன்னொரு தடவை சொல்லு," என்றார்.