கண்ணாடியில் முப்பத்தொன்று

எங்கள் குடும்பத்தில் சொத்துக்காகவோ நகைக்காகவோ யாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை. அந்தப் பெருமை எங்களுக்கு உண்டு. ஆனால் மத்தியானச் சாப்பாட்டில் யாராவது ‘காற்று’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், என் கணவரும் என் அண்ணனும் தட்டில் கை காயக் காய உட்கார்ந்து வாதாடுவார்கள். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஸ்கிஃப் வேகமா, கேட்டமரான் வேகமா?

இரண்டும் பாய்மரப் படகுகள். ஸ்கிஃப் எங்களுடையது. இவர் பல் டாக்டர். கிளினிக்கில் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பதும் நான்தான், படகில் கம்பியில் தொங்குவதும் நான்தான். சம்பளம் இரண்டு இடத்திலும் கிடையாது. முட்டை ஓடு மாதிரி ஒற்றை உடல், இருபுறமும் ஏறி நிற்க இறக்கை மாதிரி நீட்டிய சட்டம், தகுதிக்கு மீறிய பாய். காற்று பலமாக அடித்தால் இருவரும் பாய்மர உச்சியிலிருந்து வரும் கம்பியை இடுப்புக் கொக்கியில் மாட்டிக்கொண்டு தண்ணீருக்கு மேலே உடம்பை வெளியே சாய்த்து நிற்க வேண்டும். இல்லையென்றால் கவிழ்ந்துவிடும்.

அண்ணன் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். அவனுடையது கேட்டமரான்: இரண்டு ஒல்லிப் படகுகள், நடுவே இழுத்துக் கட்டிய வலை. அவனோடு கம்பியில் தொங்குவது அவனுடைய ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறவள். ஏரியில் இறங்கிவிட்டால் அப்பனுக்கும் மகளுக்கும் சோறு தண்ணி வேண்டாம்.

“நேரா விட்டா நீங்க எங்க நுரையைத்தான் பாத்துட்டு வரணும் மாப்பிள்ளை.”

“திரும்பணுமே மச்சான்! உங்க வண்டி ரிவர்ஸ் எடுத்துத் திரும்பறதுக்குள்ள நாங்க பல்லே தேய்ச்சிட்டு வந்துடுவோம்.”

“பேரே நம்ம கட்டுமரம். உலகமே நம்மகிட்ட வாங்கிட்டுப் போன பேரு.”

“பேரு நம்மது சரி. வேகம்?”

இரண்டு பேர் சொல்வதும் சரி. இளங்காற்றில், அடிக்கடி திரும்ப வேண்டிய பாதையில் ஸ்கிஃப் முந்தும். பக்கவாட்டில் பெருங்காற்று அடித்து நேராக ஓட இடமிருந்தால் கேட்டமரானைப் பிடிக்க முடியாது. இதை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சோறு போடுகிறவள் பேச்சை யார் கேட்பார்கள்?

பிறகு எங்கள் ஏரிக்கரைப் படகுக் கிளப்பில் படகுக்கு ஒன்றாக வேகமானி வாங்கிக் கொடுத்தார்கள். தீப்பெட்டி அளவு மிஷின். அதைப் பாய்மரத்தின் அடியில் கட்டிக்கொண்டு போனால், அன்றைக்குப் படகு எட்டிய உச்ச வேகத்தை, கப்பல்காரர்களின் ‘நாட்’ கணக்கில், ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். ஒரு நாட் என்றால் மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த எண்ணை டீ குடிக்கும் அறையில் ஒரு பலகையில் எழுதுவார்கள். அண்ணனின் இருபத்தைந்து பல மாதமாக உச்சியில் உட்கார்ந்திருந்தது. இவருக்கு அது கண்ணில் விழுந்த தூசி.

ஒரு ஞாயிறு காற்று நன்றாக வாய்த்தது. நாங்கள் பறந்தோம் என்றுதான் நான் சத்தியமாக நினைத்தேன். கரைக்கு வந்தபோது பாதி ஏரி என் வயிற்றில் இருந்தது. கிளப் செயலாளர் மிஷினைப் போனோடு சேர்த்துப் பார்த்துவிட்டு, “முப்பத்தொண்ணு!” என்று கத்தினார். முதலில் ஓடி வந்து இவரை இடுப்போடு தூக்கியவன் என் அண்ணன்தான்.

“தோத்தேன் மாப்பிள்ளை! ஆசை தீரத் தோத்தேன்!”

மறுநாள் கிளினிக்கில், ஊசி போட்ட ஒருவருக்கு ஈறு மரத்துப்போகக் காத்திருந்த நேரத்தில், நான் போனில் அந்த ஓட்டத்தின் வரைபடத்தைத் திறந்தேன். எந்த இடத்தில் பறந்தோம் என்று பார்க்க ஆசை. உச்ச வேகம் தொட்ட இடம் சிவப்பாக இருக்கும் என்றிருந்தது. ஏரி முழுக்கத் தேடினேன், சிவப்பே இல்லை. படத்தை நகர்த்திப் பார்த்தேன். கோடு ஏரியை விட்டு வெளியேறி, பெட்ரோல் பங்கைத் தாண்டி, எங்கள் வீட்டு வாசல் வரை போனது. ஆற்றுப் பாலத்தின் மேல் பளிச்சென்று சிவப்பு.

சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்க இவர் மிஷினை வீட்டிலேயே ஆன் செய்திருக்கிறார். அணைக்காமல் அப்படியே படகில் கட்டியும் விட்டார். படகு டிரெய்லரில் ஏறி, காருக்குப் பின்னால் பாலத்தைக் கடந்த வேகம்தான் அந்த முப்பத்தொன்று. ஏரியில் நாங்கள் போனது இருபத்து மூன்று.

இவரிடம் காட்டினேன். “அந்தப் பாலத்துல நான் எப்பவுமே கொஞ்சம் மிதிப்பேன்” என்றார். நான் சிரித்தேன், இவரும் சிரித்தார். அந்த நிமிஷமே போன் போட்டிருந்தால் பத்து வருஷத்துக்கு எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்போம்.

“ஞாயித்துக்கிழமை நேர்லயே சொல்லிக்கலாம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கிளப்புக்குத் துணியில் சுற்றிய ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். தடித்த கண்ணாடிப் பலகை. அதில் அலைகள், அலைமேல் ஒரு குட்டி ஸ்கிஃப், அதன் இறக்கையில் இரண்டு உருவம், கீழே 31. வாரம் முழுக்கக் கடையில் உட்கார்ந்து தானே செதுக்கியது. என் உருவத்துக்குப் பின்னல் கூட வைத்திருந்தான். இவர் வாயைத் திறந்ததை நான் பார்த்தேன், மூடியதையும் பார்த்தேன்.

காரில் ஏறியதும் கேட்டேன். “நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“அவரு அவ்வளவு ஆசையா செஞ்சு குடுத்துட்டு நிக்கறப்ப எப்படிடீ?”

“நான் சொன்னா முழு மானமும் போயிடும். நீங்க சொன்னா பாதியாவது மிஞ்சும்.”

“அடுத்த வாரம் கண்டிப்பா.”

பாலத்தை மட்டும் மெதுவாகக் கடந்தார்.

நான் ஏன் சொல்லவில்லை? புருஷனைப் பிறந்த வீட்டுக்கு முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று ஒரு வியாதி எனக்கு. அது பாதிக் காரணம்தான். கிளப்பில் பெண்கள் என்னைப் பார்த்து, “முப்பத்தொண்ணுல கம்பியில நின்னீங்களா!” என்று கேட்கும்போது நான் அடக்கமாகச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. வெட்கக்கேடு, வேறென்ன.

கண்ணாடியை வீட்டுப் பரணில் போட்டுவிடலாம் என்று இவர் நினைத்தார். அண்ணன் விடவில்லை, ட்ரில்லும் ஆணியும் கொண்டுவந்து கிளினிக் வரவேற்பறைச் சுவரில் அவனே மாட்டினான். வாயைப் பிளந்தபடி நாற்காலியில் சாயப் போகிற நோயாளிகூட, “என்ன டாக்டர் முப்பத்தொண்ணு?” என்று கேட்டுவிட்டுத்தான் சாய்வார். திருடனுக்குத் தேள் கொட்டியது போல இவர் நெளிவார்.

அண்ணனுக்கோ தூக்கம் போய்விட்டது. தோற்றதில் அல்ல, கணக்கு இடிப்பதில். ஆறு நாட் வித்தியாசம் எங்கிருந்து வரும்? படகின் அடியைத் தேய்த்துத் தேய்த்து மெழுகினான். கயிற்றையெல்லாம் மாற்றினான். எடையைக் குறைக்க டீயில் சர்க்கரையை நிறுத்தினான். ஒரு நாள் வீட்டுக்கே வந்து, பாடம் கேட்கிறவன் மாதிரி உட்கார்ந்தான்.

“எங்க தப்பு பண்றேன்னு புரியலை மாப்பிள்ளை. அன்னிக்கு நீங்க எந்தக் கோணத்துல விட்டீங்க?”

இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இவர் ஒரு கோணம் சொன்னார். இல்லாத ஓட்டத்துக்கு ஒரு கோணம்!

“காத்துக்கு இன்னும் கொஞ்சம் முதுகைக் குடுங்க மச்சான். பயந்துக்கிட்டுப் பாயைத் தளத்தாதீங்க. இழுத்துப் பிடிங்க.”

அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த ஞாயிறு பெருங்காற்று. கயிறு ஒன்று தேய்ந்திருக்கிறது என்று சொல்லி இவர் படகை இறக்கவில்லை. கரையிலிருந்து பார்த்தோம். கேட்டமரான் ஒரு பக்கப் படகைக் கால் மாதிரித் தூக்கிக்கொண்டு கிளம்பியது. கம்பியில் என் அண்ணன் மகள் நேராக நின்றாள். அவ்வளவு அழகாக ஒரு படகு போய் நான் பார்த்ததில்லை. பிறகு அண்ணன் படகைத் திருப்பிக் காற்றுக்கு முதுகைக் கொடுத்தான். பாயைத் தளர்த்தவில்லை. இரண்டு படகின் மூக்கும் ஒரே நேரத்தில் தண்ணீரைக் குத்தின, பின்பக்கம் எழும்பியது, அவள் கம்பியோடு முன்னால் வீசப்பட்டுப் பாய்மரத்தில் போய் மோதினாள். வாய்தான் முதலில் மோதியது.

மீட்புப் படகு அவர்களைக் கொண்டுவந்தது. யாரோ பழக்கதோஷத்தில் மிஷினைப் பார்த்து இருபத்தேழு என்றார்கள். பெரியவர்கள் ஒருவரும் காதில் வாங்கவில்லை.

அவர்களை ஈர உடையோடே நேராகக் கிளினிக்குக்குக் கூட்டி வந்தோம். முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது, பக்கத்துப் பல் உள்ளே சாய்ந்திருந்தது, உதடு கிழிந்திருந்தது. இவர் ஊசி போட்டார், உதட்டைத் தைத்தார், சாய்ந்த பல்லை விரலால் இடத்துக்குக் கொண்டுவந்து, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி வைத்து ஒட்டினார். கை ஆடவேயில்லை. நான் குழாயைப் பிடித்திருந்தேன்.

மூலையில் முக்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். காலடியில் தண்ணீர் தேங்கியிருந்தது.

“என் பேராசைதான் மாப்பிள்ளை. பெத்த பொண்ணை வெச்சு நம்பர் துரத்தியிருக்கேன். நீங்க சரியாத்தான் சொன்னீங்க, எனக்குத்தான் படகு விடத் தெரியலை. அந்தப் படகை ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். நாளைக்கே தள்ளி விட்டுடறேன்.”

அவள் வாயில் பஞ்சு அடைத்திருந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள், கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது.

“தலையை ஆட்டாதம்மா” என்றார் இவர். பிறகு ஒட்டுப்பசையை இறுக்கும் நீல விளக்கை அணைத்துத் தட்டில் வைத்தார். நான் இவரையே பார்த்தேன். சொல்லாவிட்டால் நானே சொல்லிவிடுவது என்று அப்போதுதான், அவ்வளவு தாமதமாக, முடிவெடுத்திருந்தேன்.

“மச்சான், அந்த முப்பத்தொண்ணு ஏரியில வந்தது இல்ல.”

அண்ணன் நிமிர்ந்தான்.

“கார்ல வந்தது. பாலத்து மேல. மிஷினை வீட்லயே ஆன் பண்ணிட்டேன். ஏரியில நாங்க இருபத்து மூணுதான்.”

“என்ன மாப்பிள்ளை, இப்பப் போய் விளையாடிக்கிட்டு” என்று அண்ணன் சிரிக்கப் பார்த்தான்.

“நிஜம். மறுநாளே தெரிஞ்சிடுச்சு.”

அண்ணன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். “அப்ப அந்தக் கோணம்?” என்றான். “பாயைத் தளத்தாதேன்னு சொன்னீங்களே, அது?”

“சும்மா சொன்னேன்” என்றார் இவர்.

குழாய் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. அதை அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

“உனக்கும் தெரியுமா?”

ஆமென்று தலையை ஆட்டினேன். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

நாற்காலியில் கிடந்தவள் கையைத் தூக்கினாள். முதலில் இரண்டு விரல். பிறகு இரண்டு கையிலுமாக ஐந்தும் இரண்டும். இருபத்தேழு. அந்த ஏரியில் இதுவரை யாரும் போகாத வேகம் அவர்களுடையதுதான் என்று அப்பனுக்குச் சொல்கிறாள், பஞ்சடைத்த வாயோடு. அண்ணன் அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். அவளை மெல்ல எழுப்பி, அவளுடைய ஈரச் செருப்பை எடுத்துக்கொண்டான். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. கத்தியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

கதவருகில் நின்று, நன்றாக மரியாதையோடு கேட்டான்.

“அடுத்து எந்தக் கிழமை கூட்டிட்டு வரணும், டாக்டர்?”

“வியாழக்கிழமை” என்றார் இவர், தரையைப் பார்த்து.