உரலில் இடித்த மணிகள்

அடுத்த புதன்கிழமை பால் சோதனையில் புரதம் 3.2 சதவீதம் வராவிட்டால், இரண்டாம் கொட்டகையின் அறுபது பசுக்களும் இறைச்சிக்குப் போகும். பண்ணை முதலாளி ஜொமார்ட் இதைச் சொன்னபோது நிதானமாகத் தேநீரில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் கோப்பையைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

"பாலாடைக்கட்டி ஆலைக்காரன் கையை விரிச்சிட்டான், ரவ்ஷான். தண்ணிப் பால் வேணாங்கறான். உன் வெள்ளை மணியைப் போட ஆரம்பிச்சு அஞ்சு வாரமாச்சு. என்ன ஏறிச்சு? என் ரத்தக் கொதிப்புதான் ஏறிச்சு."

"எட்டு நாள் குடுங்க."

"அதான் புதன்கிழமை வரைக்கும் குடுத்திருக்கேனே. அன்னிக்குக் காலையில லாரி வந்து நிக்கும்."

பசுக்களின் தீனிக்கு நான்தான் பொறுப்பு. சோயாப் புண்ணாக்கைக் குறைத்து மெத்தியோனின் மணி போடலாம் என்று அவரை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தவளும் நான்தான். அது ஓர் அமினோ அமிலம். பாலில் புரதம் கட்ட அது ஒன்று குறைந்தால் மற்றதெல்லாம் இருந்தும் வீண். ஆனால் பசுவின் முதல் வயிறு கிருமிகள் நிறைந்த பானை. வெறும் மெத்தியோனினைப் போட்டால் கிருமிகள் தின்று தீர்த்துவிடும். அதனால் ஒவ்வொரு மணிக்கும் மேலே ஒரு பூச்சு உண்டு. அந்தப் பூச்சோடு முதல் வயிற்றைத் தாண்டி, குடலுக்குப் போய்த்தான் மணி கரைய வேண்டும்.

ஐந்து வாரமாக எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். குழியில் புளிக்கவைத்த ஊறல் தீவனம், தண்ணீர், வெயில், மூட்டை அனுப்பிய வியாபாரி. கலவைக் கொட்டகையை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அங்கே தீனி கலப்பவர் என் மூத்தார், புருஷனின் அண்ணன். எங்கள் பக்கம் வீட்டு மருமகள் மூத்தார் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று கண்காணிக்கவும் மாட்டாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அந்தப் பெயர் என் நாக்கில் பட்டதில்லை. காகிதத்தில் அவருக்கு மேலதிகாரி நான். நிஜத்தில் வாசலில் நின்று இருமிவிட்டு, அளவு எழுதிய தாளைக் கதவில் ஒட்டிவிட்டுத் திரும்பி வருகிறவள்.

அன்று மத்தியானம் மூத்தார் வீட்டில்தான் சாப்பாடு. என் ஓரகத்தி குல்யாஷ் பால் கறக்கும் வேலை முடிந்து வந்து, குர்த் கரைத்த சூப்பை வைத்தாள். குர்த் என்றால் உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டை, கல் மாதிரி இருக்கும். ஒரு கரண்டி வாயில் வைத்தேன். அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம்.

"என்னக்கா இது?"

"மூஞ்சியைச் சுளிக்காதடி. உரல் நாத்தம். நேத்து ராத்திரி இடிச்சு வெச்ச குர்த், உரலை எத்தனை கழுவினாலும் போகமாட்டேங்குது. தெனம் காலையில உன் பெரியத்தான் அதைத் தூக்கிக்கிட்டுப் பண்ணைக்குப் போயிடறாரு. கேட்டா, மாட்டுக்கு மருந்து இடிக்கிறேங்கறாரு. பொண்டாட்டிக்கு ஒரு நாள் இடிச்சுக் குடுத்திருப்பாரா?"

பூச்சு உடைந்த மெத்தியோனின் அப்படித்தான் நாறும். நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கொட்டகை வாசலில் பழக்கதோஷத்தில் ஒரு தரம் இருமினேன். பிறகு பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே நுழைந்துவிட்டேன். அவர் மர உரலைக் காலுக்கிடையே வைத்துக்கொண்டு, உலக்கையால் இடித்துக்கொண்டிருந்தார். உரலில் வெள்ளைப் பொடி.

"பெரியத்தான், என்ன பண்றீங்க?"

"வா, கெலின்." வீட்டு மருமகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "சாணியில நாலஞ்சு மணி முழுசாக் கெடந்துச்சு. பாத்ததும் மனசு கேக்கலை. பல்லில்லாத கெழவனுக்குக் குர்த்தை அப்படியேவா குடுப்போம்? இடிச்சுக் கரைச்சுத்தானே குடுக்கறோம். அதான்."

"ஐயோ! அந்தப் பூச்சுக்காகத்தானே அதையே வாங்குறோம்! அஞ்சு வாரமா எல்லாத்தையும் வயித்துக் கிருமிக்குத் தீனி போட்டிருக்கீங்க!"

உலக்கை நின்றது. நான் கத்தியது சாலை வரை கேட்டிருக்கும். அவர் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"சொல்லியிருக்கலாமே," என்றார்.

"கேட்டிருக்கலாமே," என்றேன்.

மறுநாளிலிருந்து மணிகள் முழுசாகப் போயின. கலவை வண்டியில் ஊறல் தீவனமும் வைக்கோலும் தானியமும் நன்றாகச் சுழன்ற பிறகு, கடைசியாக மணிகள், பூச்சு உரசித் தேயாமல் ஐந்தே நிமிஷம். அவர் அப்படியே செய்தார். நான் ஜொமார்டிடம் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே மூத்தார் வேலை போகும் என்று தெரியும். கோழைத்தனம்தான். எண் ஏறிவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

புதன்கிழமை, சோதனைத் தாளுக்கு முன்பே லாரி வந்து மாடு ஏற்றும் பலகையை இறக்கிவிட்டது. தாளில் 3.16 என்றிருந்தது. எட்டு நாள் முன்பு 3.04.

"ஏறியிருக்கு," என்றேன்.

"குளிர் வந்தா எப்பவும் கொஞ்சம் ஏறும்." ஜொமார்ட் தாளை மடித்தார். "அஞ்சு வாரமா அசையாதது எட்டு நாள்ல எப்படி ஏறும்? காரணம் சொல்லு. உருப்படியான காரணம் இருந்தா ஆலைக்காரன்கிட்ட இன்னும் ரெண்டு வாரம் கேக்கறேன். இல்லேன்னா ஏத்தச் சொல்றேன்."

ஆட்கள் முதல் பசுவை ஓட்டி வந்தார்கள். நெற்றியில் வெள்ளைப் பட்டை உள்ளவள், நாலு கன்று போட்டவள். பலகையில் ஒரு குளம்பை வைத்துவிட்டு மிரண்டு நின்றாள்.

"மணியை இடிச்சுப் போட்டுட்டாங்க," என்றேன். "இப்ப முழுசாப் போடறோம்."

"யாரு இடிச்சது?"

என் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. இரண்டாவது குளம்பும் பலகையில் ஏறியது.

"யாருன்னு கேக்கறேன்! இல்ல, கதை கட்டறியா?"

"கைரொல்லா." குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. மூத்தார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "அவ வாயில என் பேரு வராது, முதலாளி. நானே சொல்றேன். கைரொல்லாதான் இடிச்சான். வேணும்னா வந்து உரலை மோந்து பாருங்க."

ஜொமார்ட் நிறுத்தச் சொல்லி ஆட்களிடம் கையைக் காட்டினார். வெள்ளைப் பட்டைக்காரி பின்னோக்கி இறங்கினாள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு வாரம்," என்றார் ஜொமார்ட். "லாரியை அனுப்புங்க. கைரொல்லா, கலவை வண்டிச் சாவியைக் குடுத்துட்டு நீயும் வீட்டுக்குப் போ."

மூத்தார் சாவியை நீட்டினார். கறவை முடிந்து வந்த குல்யாஷ் வாளியோடு அப்படியே நின்றாள்.

"கைரொல்லா போனா நானும் போறேன்."

சொன்னது நான்தான். குல்யாஷின் வாளி கீழே விழுந்து உருண்டது. லாரிக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். என் காது கொதித்தது. ஆனால் ஆரம்பித்தாயிற்று.

"மணியைக் கடைசியில போடணும், அஞ்சு நிமிஷத்துக்கு மேல சுத்தக் கூடாதுன்னு இந்தப் பண்ணையில கை பழகின ஒரே ஆளு கைரொல்லா. இந்த ரெண்டு வாரத்துக்கு வேற யாரை வெச்சுக் கலப்பீங்க? நான் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுக்காதது என் தப்பு. அனுப்பறதுன்னா ரெண்டு பேரையும் அனுப்புங்க."

ஜொமார்ட் ஏதோ முணுமுணுத்தார். சாவியை மூத்தார் கையிலேயே திணித்துவிட்டு அலுவலறைக்குப் போனார்.

நான் தலை நிமிரவில்லை. மூத்தார் தொப்பியை மாட்டிக்கொண்டு என்னைக் கடந்து போனவர், ரெண்டடி தள்ளி நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"நாளைக்குக் காலையில வாசல்ல நின்னு இருமாதே, கெலின்," என்றார். "உள்ள வா."