யார் போட்ட பூட்டு?

எங்கள் கேளம்பாக்கம் குடியிருப்பில் எட்டு வீடுகள். தண்ணீருக்குப் பஞ்சம் உண்டு, சந்தேகத்துக்குக் கிடையாது. போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு சைக்கிள் காணாமல் போனதிலிருந்து செயலாளர் கோதண்டராமனுக்குத் தூக்கமே போய்விட்டது. அவரிடம் இருப்பதோ, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் நீலச் சைக்கிள். எந்தப் பையனிடமோ செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதில் பூட்டும் உடைந்திருந்தது. ஆன்லைனில் புதுப் பூட்டு ஆர்டர் போட்டுவிட்டு, தெருவில் போகும் டெலிவரி ஆட்களை எல்லாம் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார்.

கீழ்வீட்டு அன்பரசியிடமும் அதே நீலச் சைக்கிள்தான், பிளஸ் ஒன் படித்தபோது கிடைத்தது. சிறுசேரியில் ஒரு ஐ.டி. கம்பெனி கேன்டீனில் அவளுக்கு வேலை. மெயின் ரோடு வரை சைக்கிள், அங்கிருந்து கம்பெனி வேன். ஏற்கெனவே இரண்டு முறை வேனை விட்டுவிட்டாள். இன்னொரு முறை விட்டால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டானாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் போனில் அழுதபோது என் காதில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவள் போட்ட சத்தத்தில் அடுப்பை அணைத்துவிட்டு இறங்கினேன்.

“எவன்டா என் சைக்கிளுக்குப் பூட்டு போட்டவன்?”

பின்சக்கரத்தையும் சுவரோரக் குழாயையும் சேர்த்து வளைத்து, கறுப்பாக, கை தடிமனில் ஒரு பூட்டு. அதற்குள் பாதிக் குடியிருப்பு கூடிவிட்டது. கோதண்டராமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“யாரும் தொடாதீங்கோ! இது திருடன் டெக்னிக். வாட்ஸ்அப்ல வீடியோவே வந்தது. நம்ம வண்டிக்கு அவன் பூட்டைப் போட்டுடுவான். நாம எடுக்க முடியாம விட்டுட்டுப் போவோம். அப்புறம் அவன் சாவகாசமா வந்து திறந்து ஓட்டிண்டு போயிடுவான்.”

“அப்போ அறுத்துப் போடுங்க சார். எனக்கு வேன் பூடும்.”

“அறுக்கறதா? எவிடன்ஸ்மா அது!”

அந்த நேரம் பார்த்துத்தானா ஆல்வின் தோளில் பையோடு மாடியிலிருந்து இறங்க வேண்டும்? புதிதாகக் குடிவந்தவன். கோவளம் கடற்கரையில் அலைமேல் பலகை விடக் கற்றுக்கொடுக்கிறானாம். சம்பளம் வாங்கிக்கொண்டு கடலில் விழுந்து எழுவதை வேலை என்று எங்களில் யாரும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

“பையைத் திற” என்றார் கோதண்டராமன்.

ஈரத்துண்டு, அரைக்கால் சட்டை, ஒரு கட்டி மெழுகு.

“மெழுகு! சாவிக்கு அச்சு எடுக்கறது இதுலதானே?”

“இன்னா சார் நீ, பேஜாரு பண்ற? பலகைல தேய்க்கிறது. தேய்க்கலன்னா கால் வழுக்கும்.”

“நீ வழுக்கறதைத்தான் பாத்துண்டிருக்கோமே!”

“அண்ணா, உங்க வண்டில என்னை ரோட்டாண்ட வுட்டுடுங்க” என்றாள் அன்பரசி.

ஆல்வின் பைக் சாவியை எடுத்தான். கோதண்டராமன் அதை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “விசாரணை முடியற வரைக்கும் நீ எங்கேயும் போகக்கூடாது. வா, ரூமைப் பாக்கணும்.”

கூட்டம் மொத்தமும் அவர்கள் பின்னால் மாடியேறியது. எனக்கும் ஏறத்தான் ஆசை. ஆனால் அன்பரசியின் பார்வை போன இடத்தைப் பார்த்ததும் கால் நகரவில்லை. தூணோரம் செயலாளரின் சைக்கிள், பூட்டில்லாமல் நின்றது.

“அக்கா, சார் கேட்டா சொல்லிடுங்க” என்று ஏறி மிதித்தாள்.

“கேட்டா சொல்றேன்டி.”

அவர் கேட்கவில்லை. ஆல்வினின் தலையணை உறையைக்கூட உதறிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு இறங்கி வந்தார்கள். பூஜையை முடித்துக்கொண்டு அவர் மனைவி கோமளமும் அப்போதுதான் வந்தாள், கையில் ஒரு புதுச் சாவி.

“ஏன்னா, நம்ம சைக்கிளைச் சுத்தி என்ன கூட்டம்?”

“நம்ம சைக்கிளா?”

“நேத்து நீங்க செங்கல்பட்டு போயிருந்தப்போ பூட்டு பார்சல் வந்தது. கரண்ட் இல்லை, இருட்டுல தடவிப் பாத்துப் பூட்டினேன்.”

குனிந்து திறந்தும் காட்டினாள்.

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“வந்ததுலேர்ந்து திருடன் கதையே பேசிண்டிருந்தேள். நடுவுல நான் எங்கே பேசறது?”

ஆல்வின் சிரிக்கவில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. கோதண்டராமன் மெதுவாகத் தூண் பக்கம் திரும்பினார்.

“என் சைக்கிள் எங்கே?”

கேட்டாயிற்றே, சொன்னேன். போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“வேன்ல ஏறிட்டேன் சார்” என்றாள் அன்பரசி. பின்னால் ஹாரன் கேட்டது. “உங்க சைக்கிளு ஸ்டாப்பாண்ட டீக்கடை ஓரமா கீது. பூட்டு இல்ல, சீக்கிரம் வாங்க. அங்க நிக்கிற எவன் மூஞ்சியும் சரியில்ல.”

கோதண்டராமன் பைக் சாவியை ஆல்வினிடம் நீட்டினார். அவன் வண்டியை உதைத்துக் கிளப்பினான். இவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். தெரு திரும்பும்வரை தலையைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டு போனார்.